எல்லேயிலிருந்து வந்த ஏழாம் இலக்கம்

1

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் நான் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். இதை ஒருமுறை தொலைபேசியிற் சொன்னபோது, யாழ்ப்பாணத்திலிருக்கும் என் மைத்துனர், "அத்தான், அங்கை லிஃப்ட் இருக்கோ, இல்லாட்டில் படியாலையோ ஏறுறியள்?" என்று மிகுந்த கவலையோடு வினவினார். ஆகவே ஊரிலுள்ள வாசக அன்பர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் தருவது என் கடமையாகிறது.

நான் குறிப்பிடும் தளம் மாடிக் கட்டடத்தில் உள்ளதன்று. பேஸ்போல் எனப்படும் விளையாட்டின் மைதானத்தில் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. பந்தை அடித்தவர் அவற்றை ஒழுங்காகத் தொட்டுக்கொண்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருதல் வேண்டும். அலைந்து களைத்து ஈற்றில் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கும் இந்த ஏற்பாடு, கனடாவின் அரச அலுவலகங்களுக்குச் சென்று பழகிய எம்மவர்க்கு இலகுவில் விளங்கிவிடும். அவ்வாறு ஓடி வருபவரை இரண்டாவது தளத்தில் மறிப்பதே என் பணி.

எங்களுடையது வளர்ந்தோருக்கான, எவருக்கும் சம்பளம் இல்லாத கழகம். பஸ் சாரதி, பல் வைத்தியர், கூரை வேய்பவர் எனப் பலரும் ஞாயிறு காலைகளில் வைகாசி முதல் புரட்டாதி வரை ஒன்றுகூடி ஆடுவோம். என் சட்டையின் முதுகில் ஏழாம் இலக்கம் இருந்தது. அதற்கு மேலே என் பெயரும் இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் திருநாவுக்கரசு என்ற பெயரைக் கண்ட சட்டைக் கடைக்காரர், இடம் போதாதென்று முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளோடு நிறுத்திவிட்டார். ஆகவே நான் இத்தனை காலமும் வெறும் "திரு" என்ற சொல்லை முதுகில் சுமந்தபடி ஆடிவந்தேன். தமிழறிந்த எவரேனும் பின்னால் நின்று வாசித்திருந்தால், இவர் எந்தத் திருவாளர் என்று அறிய முன்பக்கம் வந்து பார்க்க நேர்ந்திருக்கும்.

நிற்க. சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும், கழகத்தின் தலைவி ஷெரில் அம்மையார் என்னை நோக்கி வந்தார். என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "திரு, உங்கள் நம்பரை ரிட்டயர் பண்ண ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். கடைசி ஆட்டத்தன்று விழா" என்றார்.

நான் நன்றி கூறினேன். இந்நாட்டில் எதற்கும் நன்றி கூறுவது வழக்கம். வாகனத் தரிப்புக்குத் தண்டச் சீட்டு எழுதுபவருக்கும் நன்றி கூறியே நான் பழகியவன். காரில் ஏறி, பட்டியை மாட்டி, பாதி வழி வந்த பின்னர்தான் அச்சொல் எனக்கு உறைத்தது. ரிட்டயர்!

2

எங்கள் ஊரில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு: இளைப்பாறுதல். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய கிராம சேவையாளர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர். மரண அறிவித்தலில் பெயருக்கு முன்னால் அச்சாவதும் அதே சொல்தான். என்னை இளைப்பாற்றப் போகிறார்கள். அடுத்த வைகாசியில் இரண்டாம் தளத்தில் வேறொருவர் நிற்பார். இதைத் தவிர வேறொன்றும் என் மனத்தில் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் துணைவியார் பரமேஸ்வரியிடம் விடயத்தைத் தெரிவித்தேன்.

"இஞ்சாரும், என்னை நிப்பாட்டப் போகினம்."

"ஆர்? எங்கை?"

"பேஸ்போலிலை. ரிட்டயராம்."

அவர் வெண்டிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அதுகளுக்கெண்டாலும் புத்தி வந்துதே! உங்கட முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என்ர கைரேகை அழிஞ்சு போச்சு. இப்ப என்ர ஃபோனே என்னை ஆரெண்டு கேக்குது."

ஆறுதல் தேடி நான் செல்லத்துரை அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். அவர் ரூஜ் பகுதியில் வசிக்கும் இளைப்பாறிய தபாலதிபர். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். எவரையேனும் கௌரவிக்கும் சந்தர்ப்பம் எந்த நேரத்திலும் வாய்க்கலாம் என்பதற்காக அவருடைய காரின் டிக்கியில் எப்போதும் ஒரு பொன்னாடை ஆயத்தமாக இருக்கும். பனிக்காலத்தில் பனி உருக்கும் உப்புப் பையும் பனி அள்ளும் சவலும் இருக்கும். அவற்றின் மேல் பொன்னாடை மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

"தம்பி, இதிலை யோசிக்க என்ன கிடக்கு? ரிட்டயர் எண்டால் ரிட்டயர்தான். நான் ஆகேல்லையே? முதல் வரிசையிலை கதிரை தருவினம். சோக்காய் இருக்கலாம்" என்றார் அவர்.

"எனக்குக் கதிரை வேண்டாம், அண்ணை. நான் நிக்கப்போறன்."

"எவ்வளவு நேரத்துக்கு நிப்பீர்?"

"ரெண்டாம் தளத்திலை நிக்கப்போறன் எண்டுறன்!"

"உமக்கு விசர். திகதியைச் சொல்லும், பொன்னாடையோடை நான் வாறன்."

அவ்வாக்கு என்னை மேலும் கலக்கியது. எங்கள் சங்கத்தில் ஒரு மிருதங்க வித்துவானுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பொன்னாடை போர்த்தினோம். அன்றோடு அவரை வாசிக்க அழைப்பது நின்றுவிட்டது. பெரியவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதே காரணம். அதன் பின்னர் ஒவ்வொரு விழாவிலும் அவரை முதல் வரிசையில் இருத்தி, முதல் வடையை அவருக்கே கொடுத்தோம். வடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களால் கதிரைக் கையைத் தட்டியபடி, மேடையிலிருந்த புதியவரை அவர் பார்த்த பார்வையை நான் கண்டிருக்கிறேன்.

பிக்கரிங்கிலிருந்து சனிக்கிழமை எங்கள் மகள் மைதிலி வந்தாள். அவள் பேசத் தொடங்கும்போது தமிழாக இருப்பது, வாக்கியம் முடிவதற்குள் குடியுரிமை மாறிவிடும்.

"அப்பா, உங்களை ரிட்டயர் பண்ணேல்லை. நம்பரைத்தான் ரிட்டயர் பண்ணினம். இட்ஸ் எ ஹியூஜ் ஆனர், ஓகே?"

"நம்பர் எப்பிடிப் பிள்ளை இளைப்பாறும்? ஏழு எண்டது ஏழாத்தானே இருக்கவேணும்?"

"ஓ மை கோட். அம்மா, நீங்களே எக்ஸ்பிளெய்ன் பண்ணுங்கோ."

"நான் என்னத்தை விளங்கப்படுத்த?" என்றார் பரமேஸ்வரி. "ஏழு களைச்சுப் போச்சாக்கும். உன்ர கொப்பரைச் சுமந்தது காணாதே?"

மகள் என் நன்மைக்காகப் பூசி மெழுகுகிறாள் என்றே நான் முடிவுசெய்தேன். அன்றே ஓர் உரை எழுத ஆரம்பித்தேன்.

3

நான் இந்த விளையாட்டுக்குள் வந்த விதத்தையும் இவ்விடத்தில் எழுதவேண்டும்.

கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தோம். அங்கிருந்து சுரங்க ரயிலும் பஸ்ஸும் மாறி, கதவுக் கைபிடிகளைப் பெட்டியில் அடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்வேன். அங்கே டக் என்பவர் என் மேற்பார்வையாளர். உயர்ந்த, பருத்த, சிவந்த மனிதர். அவர் பேசியது ஆங்கிலமேயாயினும், அதை நான் யாழ்ப்பாணப் பேச்சிலேயே இங்கு தருகிறேன். அந்த உரப்பையும் உரிமையையும் எழுதுவதற்கு வேறு மொழி எனக்குக் கிடைக்கவில்லை.

கோடையில் தொழிற்சாலையார் ஒரு பூங்காவில் விருந்து வைத்தனர். உணவுக்கு முன் பேஸ்போல் ஆட்டம். அதுவரை நான் அவ்விளையாட்டைக் கண்டதில்லை. ஆனால் மட்டை, பந்து, ஓடித் தொடும் இடங்கள் ஆகியவற்றைப் பார்த்ததும், இது நமது எல்லே அல்லவா என்று அகமகிழ்ந்தேன். பாடசாலைக் காலத்தில் நான் எல்லே அணியில் ஆடியவன். மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும். ஓடுபவரின் உடம்பில் பந்தை எறிந்து பட வைத்தால் அவர் ஆட்டமிழந்தார். எங்கள் பாடசாலையில் ஓடுபவரை எறிவதில் என்னை மிஞ்ச எவரும் இருக்கவில்லை.

டக் பந்தை அடித்துவிட்டு ஓடினார். பந்து என் கைக்கு வந்தது. அவருடைய முதுகோ ஒரு கரும்பலகையின் அகலம். நான் குறிபார்த்து எறிந்தேன்.

ரெனிஸ் பந்துக்கும் பேஸ்போல் பந்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் அன்றுதான் அறிந்தேன். டக் எனக்கு முன்னரே அறிந்தார். தேங்காய் விழுந்தது போன்ற ஓசை எழுந்தது. அவர் புல்லின்மேல் குப்புற விழுந்தார். நான் இரு கைகளையும் உயர்த்தி, "அவுட்!" என்று முழங்கினேன். என்னோடு சேர்ந்து முழங்க எவரும் முன்வரவில்லை. இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவரும் கரண்டியை உயர்த்தியபடி நின்றுவிட்டார்.

டக் மெல்ல எழுந்து வந்தார். "டேய், உது என்ன வேலை?" என்றார்.

"ஐயா, தாங்கள் ஆட்டமிழந்துவிட்டீர்கள்" என்று நான் மிகப் பணிவாகத் தெரிவித்தேன். வேலை போய்விட்டது என்றே எண்ணினேன்.

அவர் முதுகைத் தடவினார். என் தோளைப் பிடித்துப் பார்த்தார். "உப்பிடி எறிய எங்கை பழகினனீ?"

"எல்லே" என்றேன். "பாடசாலை நாள்களில் எல்லே விளையாடினேன், ஐயா."

அவருடைய புருவங்கள் உயர்ந்தன. நீண்டதொரு சீழ்க்கை அடித்தார். நமது எல்லேயின் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று நான் உள்ளூர வியந்தேன். அடுத்த ஞாயிறே அவர் தம்முடைய கழகத்துக்கு என்னை அழைத்துச் சென்று, எவ்விதப் பரீட்சையும் இன்றி இரண்டாம் தளத்தில் நிறுத்திவிட்டார்.

4

விழா நாளில் வெயில் நன்றாக இருந்தது. தொப்பியும் சட்டையும் அணிந்த ஆட்டக்காரர் வரிசையாக நின்றனர். அண்மையில் ஆட்டத்தை விட்டு எங்கள் அணியின் முகாமையாளராகிவிட்ட டக், ஒலிவாங்கிக்கு அருகில் நின்றார். பரமேஸ்வரியும் மைதிலியும் பலகைப் படிகளில் அமர்ந்திருந்தனர். செல்லத்துரை அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நெஞ்சோடு பொன்னாடையை அணைத்தபடி, கடமைக்கு வந்த காவலாளிபோல் ஓரமாக நின்றார்.

ஷெரில் அம்மையார் பேசத் தொடங்கினார். "இன்று நாம் கௌரவிப்பவர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் விளையாடிப் புகழ்பெற்று, அதன் பின்னர் நம்மைத் தேடி வந்தவர்."

என்னோடு இன்னொருவரையும் கௌரவிக்கிறார்கள் என்று எண்ணி, அவரைக் காண்பதற்காக நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வேலி மாத்திரமே இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக் கைதட்டினர்.

"டக், ஆரது லொஸ் ஏஞ்சலிஸ்?" என்று காதோடு கேட்டேன்.

"நீதானேடா! நீதானே அண்டைக்குச் சொன்னனீ, எல். ஏ.யிலை விளையாடினதெண்டு!"

ஆங்கிலத்தில் அந்நகரின் பெயரைச் சுருக்கி இரண்டே எழுத்துகளில் எல். ஏ. என்று சொல்வார்கள். நான் எல்லே என்றேன். அவர் எல். ஏ. என்று கேட்டார். கால் நூற்றாண்டாகக் கழகம் முழுவதும் அதை நம்பியிருக்கிறது! என் கால்களுக்கு நடுவே பந்து போனபோதெல்லாம் ஒருவரும் என்னைக் கடியாததன் காரணமும் அக்கணமே விளங்கியது.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. நான் எழுதிவந்த உரை சட்டைப்பையிலேயே கிடந்தது. அது என்னை நிறுத்தவேண்டாம் என்று கேட்கும் ஒரு கௌரவமான விண்ணப்பம்; ஆனால் லொஸ் ஏஞ்சலிஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"மதிப்புக்குரிய தலைவி அவர்களே, நண்பர்களே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "நான் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைப் படத்திலும் சரியாகப் பார்த்தவன் அல்லன். நான் ஆடியது எல்லே. அது இலங்கையில் மூங்கில் தடியால் ஆடும் ஒரு விளையாட்டு. அதில் ஓடுபவரின்மேல் பந்தை எறியலாம்."

"அட கோதாரி!" என்று டக் தம் முதுகைப் பிடித்தார். "அதுதானோ அது!"

பல் வைத்தியர் முதலிற் சிரித்தார். அவரைத் தொடர்ந்து வரிசை முழுவதும் சிரித்தது. "நீ பந்தைக் கோட்டை விட்ட நேரமெல்லாம், எல். ஏ.க்காரர் உப்பிடித்தான் ஏதோ உபாயம் செய்யினமாக்கும் எண்டு புதுசா வாறவங்களுக்கு நான் விளங்கப்படுத்தினனான்!" என்று டக் கத்தினார்.

சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "எனவே, லொஸ் ஏஞ்சலிஸ்காரருக்கென்று நீங்கள் வைத்திருந்த கௌரவம் எனக்கு உரியதன்று. அதைத் தாராளமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையையும் எடுங்கள். இரண்டாம் தளத்தை மாத்திரம் எடுத்துவிடாதீர்கள். நான் இன்னும் இளைப்பாறவில்லை. அடுத்த வைகாசியில் நான் வருவேன்."

என் குரல் இறுதியில் சற்றே உடைந்ததாக மைதிலி பின்னர் சொன்னாள். அது ஒலிவாங்கியின் கோளாறாகவும் இருக்கலாம்.

ஷெரில் அம்மையார் திகைத்துப்போனார். "உங்களை யார் போகச் சொன்னது? இனி வேறெவரும் ஏழாம் இலக்கத்தை அணியமாட்டார்கள் என்பதுதானே இதன் பொருள்! அது உங்களுடைய இலக்கமாகவே என்றும் இருக்கும்."

பலகைப் படியிலிருந்து மைதிலி, "ஐ டோல்ட் யூ, அப்பா!" என்று கூவினாள்.

"மிக்க மகிழ்ச்சி" என்றேன். "அப்படியானால் நான் அதை அணியலாமோ?"

"எவரும் அணியக் கூடாது என்பதுதான் விதி" என்றார் அம்மையார் மெதுவாக. இதுவரை இலக்கம் இளைப்பாறியவர்கள் எல்லோரும் தாமும் முன்னரே விலகியவர்களாம். ஆட்டக்காரரை விட்டுவிட்டு இலக்கம் மட்டும் இளைப்பாறியது கழகத்தில் இதுவே முதல் தடவை. அவர் டக்கைப் பார்த்தார். டக் ஆகாயத்தைப் பார்த்தார்.

இந்த இடைவெளியைத் தமக்குரிய அழைப்பு என்று செல்லத்துரை அண்ணை எடுத்துக்கொண்டார். விரைந்து வந்து பொன்னாடையை விரித்து எனக்குப் போர்த்தினார். நான் ஆட்டத்துக்கு ஆயத்தமாகக் கையுறை அணிந்திருந்தமையால் அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஒலிவாங்கியையும் வாங்கி, தம்முடைய தபால் சேவைக் காலத்திலிருந்து தொடங்கி விரிவாகப் பேசினார். அன்றைய ஆட்டம் மிகவும் பிந்தியே ஆரம்பமானது.

5

மாசி மாதத்தில் புதிய பருவத்துக்கான பதிவு தொடங்கியது. கணினியில் என் பெயரை இட்டேன். ஏழாம் இலக்கத்துக்குரியவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று அது பதிலளித்தது. வேறு இலக்கத்தை இட்டேன். இப்பெயருக்குரியவர் ஏழாம் இலக்கத்தவர் என்றும், அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றும் மீண்டும் அறிவித்தது. இலங்கையிலும் கனடாவிலும் எத்தனையோ அரச கந்தோர்களில் நான் வாதாடியிருக்கிறேன். அங்கெல்லாம் எதிரில் ஒரு முகமாவது இருக்கும்.

ஷெரில் அம்மையாரை அழைத்தேன். அவரும் முயன்றார். ஈற்றில், "திரு, ஒரேயொரு வழிதான் இருக்கிறது. உங்களைப் புதிய ஆட்டக்காரராகப் பதிந்துவிடுகிறேன்" என்றார் வெட்கத்தோடு. "ஆனால் புதியவர்கள் எல்லோரும் ஆரம்பப் பயிற்சி வகுப்புக்கு வரவேண்டும். கணினி விடாது."

நான் வகுப்புக்குச் சென்றேன். இளம் பயிற்றுநர் ஒருவர் பேஸ்போல் என்றால் என்ன என்பதை எங்களுக்கு விளக்கினார். மட்டையைப் பிடிக்கும் முறை, ஓடும் திசை ஆகியவற்றைக் காட்டிவிட்டு, பந்தைத் தளத்துக்கே எறியவேண்டும், ஆளுக்கு எறியக் கூடாது என்று எச்சரித்தார். நான் மிகுந்த கவனத்தோடு தலையசைத்தேன்.

எஞ்சியிருந்த ஒரேயொரு சட்டை எனக்கு அளிக்கப்பட்டது. அதன் முதுகில் பூச்சியம் இருந்தது. வீட்டில் அதை விரித்துக் காட்டினேன்.

பரமேஸ்வரி நெடுநேரம் பார்த்தார். "நல்லது. பூச்சியத்துக்கு ஒருத்தரும் ரிட்டயர்மென்ட் குடுக்கேலாது" என்றார். பிறகு, நான் கேட்காமலே எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, "காலை நீட்டுங்கோ" என்றார்.

வைகாசியின் முதல் ஞாயிறு குளிராக இருந்தது. அணிப் பட்டியலை டக் வாசித்தார். இரண்டாம் தளம் என்று சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்து, "பூச்சியம்" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் நாளில், புதிதாகச் சேர்ந்தவர் வீதிக்கு அப்பாலுள்ள கடைக்குச் சென்று எல்லோருக்கும் கோப்பி வாங்கி வரவேண்டும். அவ்வாண்டு எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரே.

"டேய், புதுப் பெடியா!" என்று டக் அழைத்தார். "எனக்கு டபிள் டபிள், பாலும் சீனியும் ரெண்டு ரெண்டு. ஆறமுன்னம் கொண்டு வா."

அன்று முதல் ஆட்டத்தைப் பார்க்கவென்று செல்லத்துரை அண்ணை வந்திருந்தார். எனக்காக மடிப்புக் கதிரை ஒன்றையும் கொண்டுவந்து விரித்து வைத்திருந்தார். டக் சொன்னது காதில் விழுந்ததும் அவர் பதறி எழுந்தார்.

"என்ன உது? பொன்னாடை போர்த்தின மனிசனைக் கோப்பி வாங்க விடுகிறதோ? தம்பி, நீர் இதிலை இரும். நான் போட்டு வாறன்."

"நீங்கள் இருங்கோ, அண்ணை" என்று அவருடைய தோள்களைப் பிடித்து அவரை அக்கதிரையிலேயே இருத்தினேன். "உங்களுக்குச் சீனி எவ்வளவு?"

அவர் இரண்டு விரல்களைக் காட்டினார். நான் யார் யாருக்கு எவ்வளவு பால், எவ்வளவு சீனி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வீதியைக் கடந்தேன். கடையில் வரிசை நீண்டிருந்தது. நான் திரும்புவதற்குள் ஆட்டத்தைத் தொடங்கிவிடக் கூடாதே என்பது ஒன்றே என் கவலையாக இருந்தது.